எக்ஸாஸ்ட் மட்டும் ஏன் பொம்மையாகத் தெரிகிறது? விமான மாடலுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காமஃப்ளாஜ் பிசிறில்லாமல் வந்திருக்கும், டீகல்கள் (ஒட்டும் சின்னங்கள்) வெளுக்காமல் உட்கார்ந்திருக்கும், ஆனால் மாடலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தால் மனசு ஒப்பாது. விமான மாடல் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியாகக் கை வைக்கும் இடம் எக்ஸாஸ்ட், அதாவது இஞ்சினின் புகை வெளியேறும் பகுதி. அதற்குள் பொறுமை தீர்ந்திருக்கும். ஒரு பாட்டில் ‘ஜெட் எக்ஸாஸ்ட்’, கொஞ்சம் கறுப்பு, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறோம். ஆனால் ஒரு ஜெட் மாடலைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த நாசிலை, அதாவது ஜெட் குழாயின் பின்வாயைத்தான்.

எக்ஸாஸ்ட் பகுதியில் தெரியும் நிறங்களில் பெரும்பாலானவற்றைத் தொழிற்சாலையில் யாரும் பூசவில்லை. சூட்டில் உலோகம் தானாக மாறிய நிறம் ஒன்று. எரிபொருள் எரிந்து படிந்த கரி இன்னொன்று. அந்தக் கரியைக் காற்று இழுத்துப்போன தடம் மூன்றாவது. ஆகவே பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இது என்ன உலோகம், சூடு எங்கே கூட எங்கே குறைவு, காற்று எந்தப் பக்கம் ஓடியது? கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வருபவை. மீதி பெயிண்ட்டும் அதைக் கரைக்கும் தின்னரும் செய்யும் வேலை. உங்கள் மாடலில் எந்தக் குறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

நீலமும் ஊதாவும் அளவுக்கு மீறிப் பளிச்சிடுகின்றன

அதிகம் பேருக்கு வரும் கோளாறு இது. ‘நிறம் கூடிப்போச்சு’ என்று நினைத்து அதன்மேல் கறுப்பு அடிப்பார்கள், இன்னும் மோசமாகும். முதலில் பார்க்க வேண்டியது நிறங்களின் வரிசையை.

எஃகு காற்றில் சூடாகும்போது அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து ஒரு நிறத்தைக் காட்டுகிறது. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அப்புறம் கத்தரிப்பூ நிறம், அப்புறம் நீலம். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் சுமார் 290 டிகிரி செல்சியஸில் வெளிர்மஞ்சள் தொடங்கும்; 390 வாக்கில் பழுப்பு, 450 வாக்கில் அடர்ந்த ஊதா, 540 வாக்கில் நீலம். சாதாரண கார்பன் எஃகில் இதே வரிசை கிட்டத்தட்ட 220-லிருந்து 300 டிகிரிக்குள் முடிந்துவிடும். அதையும் தாண்டிச் சூடேறினால் நிறங்கள் எல்லாம் போய் மங்கிய சாம்பல்தான் மிஞ்சும்.

இதிலிருந்து தூரிகைக்கு வேண்டிய பாடம் ஒன்று கிடைக்கிறது. சூடு அதிகமான இடத்திலிருந்து வெளியே வரவர, சாம்பல், நீலம், ஊதா, பழுப்பு, வைக்கோல், கடைசியில் வெறும் உலோகம். நீலம் எப்போதும் சூட்டுக்குப் பக்கத்தில். மஞ்சள் எப்போதும் தள்ளி. பல மாடல்களில் இது தலைகீழாக இருக்கிறது: நாசிலை ஒட்டி மஞ்சள், வெளி ஓரத்தில் நீலம். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். சந்தேகம் இருந்தால் தெருவில் நிற்கும் ஏதாவது ஒரு பழைய பைக்கின் பெண்ட் பைப்பைக் குனிந்து பாருங்கள். இஞ்சினை விட்டு வெளியே வரும் வளைவில் நீலம், கீழே இறங்க இறங்கத் தேன் நிறம், அப்புறம் குரோம். இதைவிட நல்ல வண்ண அட்டை கடையில் கிடைக்காது.

வரிசை சரியாக இருந்தும் உறுத்துகிறது என்றால் பட்டைகளின் அகலத்தைக் கவனியுங்கள். எல்லா நிறமும் ஒரே அகலத்தில் இருந்தால் அது வானவில்தான். நிஜத்தில் வைக்கோலும் பழுப்பும் நிறைய இடத்தைப் பிடிக்கும். ஊதா ஒரு மெல்லிய எல்லை மட்டும். நீலம் ஆங்காங்கே திட்டு. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் விரலால் காட்ட முடியாதபடி இருக்க வேண்டும்.

மூன்றாவதாக அடர்த்தி. டாமியா என்ற மாடல் பெயிண்ட் கம்பெனியின் ஒளி ஊடுருவும் வண்ணங்களான க்ளியர் ப்ளூ எக்ஸ்-23, க்ளியர் ரெட் எக்ஸ்-27, க்ளியர் ஆரஞ்ச் எக்ஸ்-26 எல்லாமே பாட்டிலில் இருக்கிறபடி அடித்தால் மிகக் காட்டம். ஒரு பங்கு பெயிண்ட்டுக்கு நான்கைந்து பங்கு தின்னர் சேர்த்து, ஏர்பிரஷை (காற்றால் பெயிண்ட்டைத் தெளிக்கும் கருவி) 10 முதல் 12 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அழுத்தத்தில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்து, தெரிந்தும் தெரியாமலும் ஓட்ட வேண்டும். தனி நீலத்தோடு ஒரு சொட்டு எக்ஸ்-19 ஸ்மோக் கலந்தால் அதன் பொம்மைத்தனம் போய்விடும். ஊதாவுக்கு நீலத்தோடு சிவப்பு கலக்குங்கள்; சிவப்பு குறைவாகவே இருக்கட்டும்.

ஏற்கெனவே அடித்து முடித்துவிட்டீர்களா? உரிக்க வேண்டாம். அடியில் எந்த உலோக நிறம் அடித்தீர்களோ அதையே மிக நீர்க்கக் கரைத்து, முழுப் பகுதிக்கும் ஒரு மூடுபனி போல ஒரே ஒரு சுற்று ஓட்டுங்கள். நிறங்கள் பின்வாங்கி உலோகத்துக்குள் போய் உட்காரும். காய்ந்தபின் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் இன்னொரு சுற்று.

ஏர்பிரஷ் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. டாமியா வெதரிங் மாஸ்டர் டி செட்டில் எரிந்த நீலம், எரிந்த சிவப்பு, எண்ணெய்க் கறை என்று மூன்று வில்லைகள் வருகின்றன. பஞ்சு நுனியில் தொட்டுத் தேய்த்தால் போதும். ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணங்களை டர்பன்டைனில் மிகவும் கரைத்து, மெல்லிய படலமாக ஏற்றினாலும் இதே வேலை நடக்கும். காய நாளாகும், ஆனால் அதுவரை திருத்திக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி.

இந்தக் கோளாறுக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: உங்கள் விமானத்துக்கு இந்த நிறங்கள் வேண்டுமா? எஃப்-100 சூப்பர் சேபருக்குக் கட்டாயம் வேண்டும். அதன் பின்உடல், ஜே57 இஞ்சினின் ஆஃப்டர்பர்னரை (கூடுதல் விசைக்காகப் பின்குழாயில் மறுபடி எரிபொருளை எரிக்கும் அமைப்பு) சுற்றியிருக்கும் பகுதி, பெயிண்ட் அடிக்காத உலோகமாகவே விடப்பட்டது. வியட்நாம் காலக் காமஃப்ளாஜிலும் அந்த இடம் உலோகமாகத்தான் நின்றது. எஃப்-4 ஃபேன்டமில் நாசில்களுக்குப் பின்னால் வாலின் அடிப்பகுதி வெறும் உலோகம். அங்கே தெரிவது பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும், நீலம் குறைவு. சுகோய்-30 எம்கேஐ கட்டுகிறவர்கள் (தஞ்சாவூர் விமானதளத்தில் 2020 ஜனவரியில் 222-வது படைப்பிரிவு இந்த விமானத்தோடு தொடங்கியதிலிருந்து நம்மிடையே இவர்கள் அதிகம்) நாசிலுக்கு முன்னால் இஞ்சினைச் சுற்றியிருக்கும் பெயிண்ட் அடிக்காத தகடுகளில்தான் உழைக்க வேண்டும். அங்கே தேன் பழுப்பும் மங்கிய நீலமும் உண்டு. ஆனால் எஃப்-16 நாசிலின் வெளி இதழ்களில் (வாயைச் சுற்றியுள்ள தகடுகளில்) நீலமும் ஊதாவுமாக அடித்தால் அது கற்பனைதான்.

எஃப்-100இன் வாலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் சூடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விமானம் இல்லை. அங்கே நிறம் தகட்டுக்குத் தகடு மாறும். ஒரு தகடு பழுப்பில் நிற்கும்போது பக்கத்துத் தகடு நீலத்துக்குப் போயிருக்கும். இரண்டும் தொடும் கோட்டில் நிறம் சட்டென்று வெட்டுப்படும். ஒரே தகட்டுக்குள் கூட, பின்னால் சட்டகம் ஓடும் இடத்தில் சூடு சட்டகத்துக்குள் இறங்கிவிடுவதால், அந்தக் கோடு சுற்றியுள்ள பரப்பைவிட வெளுத்துத் தெரியும். ஆக, வெளியிலிருந்தே உள்ளே எலும்புக்கூடு எங்கே ஓடுகிறது என்று படிக்கலாம். மாடலில் இதைக் கொண்டுவர வழி சுலபம். பேனல் கோட்டை ஒட்டி மாஸ்கிங் டேப் போட்டு, தகடு தகடாக வேறுவேறு அடர்த்தியில் நிறம் ஓட்டுங்கள். ரிவெட் வரிசைகளின் மேல் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய டேப் கீற்றுகளை ஒட்டிவிட்டு, பழுப்பு ஒரு சுற்று அடித்து, கீற்றுகளை எடுத்துவிட்டு, இன்னொரு மெல்லிய சுற்று எல்லாவற்றின் மேலும் ஓட்டுங்கள். சட்டகங்கள் வெளுத்த கோடுகளாக லேசாகத் தெரியும். 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) இது பிரமாதமாக வரும். 1/72இல் கீற்றுகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாசில் முழுக்க ஒரே கருஞ்சாம்பலாக இருக்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர்க் கோளாறு. ஒரே பாட்டில், ஒரே சுற்று. நாசில் என்பது பல இதழ்கள் சேர்ந்தது. இஞ்சின் விசை கூடும்போதும் குறையும்போதும் அவை விரிந்து சுருங்குகின்றன. ஒரு இதழ் இன்னொன்றின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெளியே நிற்கும் இதழும் அடியில் செருகும் இதழும் ஒரே அளவுக்குச் சூட்டையும் புகையையும் பார்ப்பதில்லை.

இரண்டு உலோக நிறங்கள் போதும். அல்கிளாட் என்ற உலோக வண்ண வரிசையின் ஜெட் எக்ஸாஸ்ட் அடித்தளமாக இருக்கட்டும். ஒன்று விட்டு ஒன்றாக இதழ்களை மூடி, திறந்திருப்பவற்றில் ஸ்டீல் அல்லது பேல் பர்ன்ட் மெட்டல் மிக மெல்லிசாக. வித்தியாசம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்து, இரண்டடி தள்ளிப் போனால் கரைந்துவிட வேண்டும், அதுதான் அளவு. ஒவ்வொரு இதழையும் மூடுவது அலுப்பாக இருந்தால், 4பி பென்சில் முனையை உப்புக் காகிதத்தில் தேய்த்து எடுத்த கரித்தூளை விரலில் தொட்டு, ஒன்று விட்டு ஒன்றாக இதழ்களில் தேயுங்கள். கிராஃபைட்டுக்கு இயல்பாகவே உலோக மினுமினுப்பு உண்டு. ஐந்து ரூபாய்ப் பென்சில் இந்த வேலையில் விலை உயர்ந்த பெயிண்ட்டுக்குச் சமமாக நிற்கிறது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

எஃப்-15 கட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க விமானப்படை பராமரிப்புத் தொல்லை காரணமாக அந்த விமானத்தின் நாசில் வெளி இதழ்களைக் கழற்றிவிட்டது. அதனால் பெரும்பாலான படங்களில் நீங்கள் பார்ப்பது உள்ளே இருக்கும் தண்டுகளும் இணைப்புகளும். இதழ் போட்ட நாசிலை வைத்துக்கொண்டு இதழ் இல்லாத விமானத்தின் படத்தைப் பார்த்து நிறம் தேடினால் எதுவும் பொருந்தாது. எஃப்-16இலும் இதே மாதிரிக் குழப்பம் வரும். பிளாக் எண் 30, 40, 50 என்று சுழியத்தில் முடிந்தால் ஜெனரல் எலக்ட்ரிக் இஞ்சின். 32, 42, 52 என்று இரண்டில் முடிந்தால் பிராட் அண்ட் விட்னி. நாசிலின் வடிவமே வேறு, நிறமும் வேறு. படத்தில் உள்ள விமானத்தின் பிளாக் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் நிறத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் கறுப்புக் குழி

ஆஃப்டர்பர்னர் எரியும்போது வாயு 1,500 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டைத் தாங்க எஃப்-15, எஃப்-16, எஃப்/ஏ-18 போன்றவற்றின் குழாய் உட்சுவரில் வெப்பத்தைத் தடுக்கும் பீங்கான் வகைப் பூச்சு இருக்கிறது. அதன் நிறம் வெள்ளைக்குப் பக்கம். கறுப்பு கிடையாது. தேஜஸில் இருப்பதும் எஃப்404 குடும்பத்து இஞ்சின்தான் என்பதால் சூலூர் விமானங்களைக் கட்டுகிறவர்களும் எஃப்/ஏ-18இன் உட்புறப் படங்களை வைத்து வேலை செய்யலாம்.

உள்ளே எக்ஸ்எஃப்-2 ஃப்ளாட் ஒயிட்டோடு கொஞ்சம் எக்ஸ்எஃப்-57 பஃப் கலந்து அடியுங்கள். காய்ந்ததும் கரும்பழுப்பு எண்ணெய் வாஷை (மிக நீர்க்கக் கரைத்த வண்ணம்) நீளவாக்கில், வாயு ஓடும் திசையிலேயே இழுத்துவிடுங்கள். ஆழத்தில் இருக்கும், தீ அணையாமல் பிடித்துவைக்கும் ஃப்ளேம் ஹோல்டர் வளையத்துக்கு மட்டும் கருத்த உலோகம். வெளிச்சம் உள்ளே போய் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும்போதுதான் குழாயின் ஆழமே கண்ணுக்குத் தெரிகிறது. நாசிலை ஒட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஒட்டிய பின் தூரிகை உள்ளே போகாது.

உலோகப் பூச்சு சொரசொரவென்று துகள் துகளாகத் தெரிகிறது

பெயிண்ட் மாடலைத் தொடுவதற்கு முன்பே காற்றில் பாதி காய்ந்துவிடுகிறது. அழுத்தம் அதிகம், தூரம் அதிகம், அல்லது தின்னர் போதவில்லை. அல்கிளாட் போன்ற லாக்கர்களை (வேகமாகக் காயும் பெயிண்ட் வகை) கரைக்க வேண்டியதில்லை. 12 முதல் 15 பிஎஸ்ஐ, ஐந்து சென்டிமீட்டருக்குள் தூரம், ஈரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மெல்லிய சுற்றுகள். சுவரில் அடிக்கும் சில்வர் பெயிண்ட்டைக் கரைத்துப் பயன்படுத்தினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். அதிலுள்ள அலுமினியத் துகள் 1/72 அளவுக்கு மிகப் பெரியது. எவ்வளவு கரைத்தாலும் துகள் சிறிதாகாது.

இன்னொன்று: பளபளக்கும் கறுப்பு அடித்தளம் குரோமுக்கும் பாலிஷ் செய்த அலுமினியத்துக்கும்தான் அவசியம். எரிந்த உலோகத்துக்கு வழவழப்பான சாம்பல் பிரைமர் (பெயிண்ட் பிடிக்க அடியில் அடிக்கும் பூச்சு) போதும். 2000 எண் உப்புக் காகிதத்தால் தண்ணீர் தொட்டு ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு அடியுங்கள்.

உலோகத்தின் மேல் வெண்படலம் படர்ந்திருக்கிறது

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று கடலோரத்தில் இருக்கிற எல்லோருக்கும் இது பழக்கமான தொல்லை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து லாக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. அடைமழை நாளில் லாக்கர் அடிப்பதை நிறுத்திவைப்பதுதான் முதல் வைத்தியம். காத்திருக்க முடியாதவர்கள் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போல மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்துகொள்ளுங்கள். கம்ப்ரசருக்கும் ஏர்பிரஷுக்கும் நடுவில் வாட்டர் டிராப் (காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் பாகம்) இருக்கிறதா, அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே வெளுத்துவிட்டதென்றால், ஈரம் குறைந்த நாளில் அதே லெவலிங் தின்னரை மட்டும் மேலே மெல்லிசாக அடியுங்கள். லாக்கர் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பெரும்பாலும் பழைய நிறம் திரும்பிவிடும். இது லாக்கருக்கு மட்டும். நீரில் கரையும் அக்ரிலிக் உலோக வண்ணங்களில் முயன்றால் பூச்சே சுருண்டுவிடும்.

வெளுப்பு மேட் வார்னிஷ் அடித்தபின் வந்ததா? அப்படியானால் அது ஈரத்தின் வேலை அல்ல. மேட் வார்னிஷ் எந்த உலோக நிறத்தையும் சாம்பல் பெயிண்ட்டாக்கிவிடும். எக்ஸாஸ்ட் பகுதியை மூடிவிட்டுத்தான் உடலுக்கு மேட் அடிக்க வேண்டும்.

க்ளியர் நிறம் பிசுபிசுவென்று கைரேகையை வாங்குகிறது

டாமியா க்ளியர்கள் மெதுவாகக் காய்பவை. தடித்து அடித்தால் நாள்கணக்கில் பிசுக்கு இருக்கும். டாமியாவின் எக்ஸ்-20ஏ தின்னருக்குப் பதில் லெவலிங் தின்னரில் கரைத்தால் இறுக்கமாகக் காய்கிறது. கைரேகை விழுந்த இடத்தை உடனே துடைக்காதீர்கள். முழுதாகக் காயவிட்டு, நீர்க்கக் கரைத்த ஒரு சுற்றை மேலே ஓட்டினால் ரேகை மறைந்துவிடும்.

பிஸ்டன் இஞ்சின் விமானத்தில் எக்ஸாஸ்ட் பைப் துருப்பிடித்த தகரமாகத் தெரிகிறது

டாங்க் மாடலில் கற்ற பழக்கம் இது. சைலன்சர் என்றால் செங்கல் ஆரஞ்சு என்று கை தானாகப் போகிறது. போர் விமானங்களின் எக்ஸாஸ்ட் பைப்புகள் வெப்பத்தைத் தாங்கும் கலப்பு எஃகால் ஆனவை. அவை மழையில் கிடந்த இரும்பு போல ஆரஞ்சாக உரியாது. தெரிகிற பழுப்பு, சூட்டில் வந்த ஆக்சைடும் அதன்மேல் படிந்த எரிபொருள் கழிவும்.

எக்ஸ்-10 கன் மெட்டலோடு எக்ஸ்எஃப்-64 ரெட் பிரவுனைச் சமமாகக் கலந்து அடியுங்கள். பைப்பின் வாய் விளிம்பில் வெளிர்சாம்பல் தூள், மேல்பக்க வளைவில் பென்சில் கரித்தூள். ஏற்கெனவே ஆரஞ்சு பூசிவிட்டவர்கள் அதைக் கழுவ வேண்டியதில்லை. ஸ்மோக் எக்ஸ்-19 ஒரு சுற்று ஓட்டினால் ஆரஞ்சு செம்பழுப்பாக அடங்கி, அழகாகவே இருக்கும்.

பைப்பின் வாயைத் துளையிட மறக்காதீர்கள். கெட்டியாக அடைபட்ட வாயில் எந்த நிறம் பூசினாலும் பிளாஸ்டிக்தான். 1/48 என்றால் 0.8 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் நடுவில் தொட்டுவிட்டு, கத்தி நுனியால் வடிவம் கொடுக்கலாம்.

புகைக்கறை ஒரே கறுப்புப் பட்டையாக இருக்கிறது

மாடல்களில் பார்க்கும் புகைக்கறைகளில் பெரும்பாலானவை கறுப்பு. நிஜத்தில் பல விமானங்களில் அது கறுப்பே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் கால நேச நாட்டு விமானங்கள் ஓடியது 100 ஆக்டேன் பெட்ரோலில். இஞ்சின் தட்டாமல் இருக்க அதில் டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் கலந்திருந்தது. ஈயம் சிலிண்டருக்குள் படியாமல் வெளியேற வேண்டும் என்று புரோமின் சேர்மம் ஒன்றும் சேர்த்தார்கள். இரண்டும் எரிந்து ஈயப் புரோமைடாக வெளியே வந்து உடலில் படியும். அந்தப் படிவின் நிறம் சாம்பலும் மணலும் கலந்த வெளிர் நிறம்.

எப்போது கறுப்பு, எப்போது வெளுப்பு? அதைத் தீர்மானிப்பது விமானி. மேலே ஏறும்போதும் சண்டையிலும் கலவையில் பெட்ரோல் அதிகம். எரியாத கார்பன் கறுப்பாக வரும். நீண்ட தூரம் சிக்கனமாகப் பறக்கும்போது கலவையில் பெட்ரோல் குறைவு. கார்பன் எரிந்துபோய் ஈயப்படிவு மட்டும் வெளுப்பாக மிஞ்சும். இரவு முழுக்கப் பறந்து திரும்பிய லங்காஸ்டரின் இறக்கையில் மேலும் கீழும் நீண்ட வெளிர்ச்சாம்பல் தடங்கள் ஓடுவதற்குக் காரணம் இதுதான். குறுகிய நேரம் ஏறிச் சண்டையிட்டு இறங்கும் இடைமறிப்பு விமானத்துக்கு அந்த அளவு வெளுப்பு பொருந்தாது. ஆக, கறையின் நிறம் என்ன என்று கேட்பதற்கு முன் ‘இந்த விமானம் எங்கே போய் வந்தது’ என்று கேளுங்கள். மாடலுக்கு ஒரு கதை கிடைக்கிறது; நிறமும் கிடைக்கிறது.

அடிக்கும் முறை: எக்ஸ்எஃப்-1 கறுப்போடு எக்ஸ்எஃப்-64 பழுப்பைக் கலந்து, பெயிண்ட் ஒன்றுக்குத் தின்னர் எட்டு ஒன்பது பங்கு. 10 பிஎஸ்ஐ. கை அசைந்துகொண்டே இருக்கும்போதுதான் ட்ரிகரை அழுத்த வேண்டும். நின்ற இடத்தில் அழுத்தினால் அங்கே ஒரு கறுப்புப் பொட்டு விழும். பைப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இழுத்து, தடம் முடிகிற இடத்தில் கையை மாடலிலிருந்து விலக்கியபடியே விடுங்கள். முதல் சுற்று கண்ணுக்கே தெரியாது. அதுதான் சரியான கரைசல். நாலைந்து சுற்றில் மெல்ல உருவாகும். இந்தக் கரும்பழுப்புக்கு நடுவில், அதைவிட ஒடுக்கமாக, எக்ஸ்எஃப்-55 டெக் டேனில் துளி சாம்பல் கலந்து ஒரு தடம். பைப்புக்கு நேர் பின்னால் இது கொஞ்சம் அழுத்தமாக இருக்கட்டும். இந்த நடுத்தடம் வந்ததும் கறை சட்டென்று உயிர் பெறும்.

இனி காற்று. கறை நேர்கோட்டில் போகாது. ஸ்பிட்ஃபயரில் அது இறக்கை உடலோடு சேரும் வளைவை ஒட்டிச் சரிந்து போகும். புரொப்பெல்லர் காற்றைச் சுழற்றித் தள்ளுவதால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. கண்ணாடியில் பார்த்தது போல இரு பக்கமும் ஒன்றாக அடித்திருந்தால் ஒரு பக்கத்தை மாற்றுங்கள். கறை தொடங்கும் இடத்தையும் சரிபாருங்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 5 வரை பக்கத்துக்கு மூன்று பைப் வாய்கள், மார்க் 9இல் ஆறு. ஜீரோவின் ஏ6எம்2இல் கூட்டுக் குழாய் ஒன்றுதான் பக்கத்துக்கு. ஏ6எம்5இல் தனித்தனி வாய்கள், அதனால் கறையும் பல இழைகளாகப் பிரியும். பி-47 தண்டர்போல்ட்டில் டர்போ சூப்பர்சார்ஜர் பின்உடலுக்குள் இருப்பதால் புகை வெளியேறும் முக்கிய இடம் வயிற்றின் அடியில், வாலுக்கு முன்னால். கவ்லிங் (இஞ்சின் மூடி) பக்கவாட்டில் மட்டும் கறை அடித்து வயிற்றைச் சுத்தமாக விட்ட தண்டர்போல்ட் மாடல்கள் நிறைய.

எந்தப் படத்தை நம்புவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்று ஏர் ஷோக்களில் பறக்கும் ஸ்பிட்ஃபயர்களும் மஸ்டாங்குகளும் பெரும்பாலும் ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோலில்தான் பறக்கின்றன. ஆகவே படிவின் நிறத்துக்கு அவை நல்ல சாட்சி. ஆனால் அவற்றைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். கறை எவ்வளவு நீளம், எவ்வளவு அடர்த்தி என்பதற்குப் போர்க்காலப் படங்களைத்தான் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமானாலும், கறை சுற்றியுள்ள பெயிண்ட்டைவிட வெளுத்திருக்கிறதா கருத்திருக்கிறதா என்பது அதில் தெளிவாகத் தெரியும். அருங்காட்சியகத்தில் நிற்கும் ஜெட் விமானத்தின் நாசிலை மட்டும் நம்பாதீர்கள். பலவற்றுக்கு மேலே ஏதோ ஒரு சில்வர் அடித்திருப்பார்கள்.

புகைக்கறை அடிக்கும்போது சிலந்திக்கால் விழுகிறது

அதிகம் கரைத்த பெயிண்ட்டை அதிக அழுத்தத்தில், மிக அருகில் வைத்து அடித்தால் நீர்மம் நாலாபக்கமும் ஓடும். அழுத்தத்தை 8 முதல் 10 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், ட்ரிகரைப் பாதிக்கும் குறைவாக இழுங்கள், சுற்றுக்குச் சுற்று காயவிடுங்கள். அடிப்பரப்பு கிளாஸாக இருந்தாலும் பெயிண்ட் பிடிமானமில்லாமல் ஓடும். செமி கிளாஸ் வார்னிஷ் மேல் அடித்தால் நிற்கும். விழுந்த காலை ஈரத்தோடு துடைத்தால் இன்னும் பரவும். காய்ந்தபின் அந்த இடத்தில் உடல் நிறத்தை நீர்க்கக் கரைத்து ஓட்டி மறைத்துவிடுங்கள்.

டேப்பை எடுத்தால் உலோகப் பூச்சும் சேர்ந்து வருகிறது

பிரைமர் இல்லை, அல்லது பிளாஸ்டிக்கில் விரல் எண்ணெய் இருக்கிறது. பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒட்டுவதற்கு முன் டேப்பை உள்ளங்கையில் இரண்டு முறை ஒட்டி எடுத்தால் பசை குறையும். தேய்த்து மெருகேற்றும் வகை உலோக வண்ணங்களின் மேல் டேப் போடவே கூடாது. அந்த வரிசையில் கடைசி வேலையாக அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வாஷ் போட்டதும் உலோக நிறம் கரைந்துவிட்டது

அடியில் எனாமல் இருந்து மேலே எனாமல் வாஷ் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். எனாமல் உலோகத்துக்கு அக்ரிலிக் வாஷ், லாக்கர் உலோகத்துக்கு எனாமல் அல்லது எண்ணெய் வாஷ் என்று மாற்றிப் பிடியுங்கள். கரைந்த இடத்தில் தேய்க்க வேண்டாம். காய்ந்ததும் பென்சில் கரித்தூளால் ஒட்டுப்போட்டால் தனியாகத் தெரியாது.

பிக்மெண்ட் தூள் வார்னிஷ் அடித்ததும் காணாமல் போகிறது

ஈரத்தில் தூள் கரைந்து நிறம் ஒடுங்கும். அது அதன் இயல்பு. வார்னிஷ் எல்லாம் முடிந்தபிறகு, கடைசியாகத் தூள் போட்டு அப்படியே விடுங்கள். மாடலைக் கையில் எடுக்கும் பழக்கம் இருந்தால், தூளின் ஓரத்தில் தூரிகை நுனியால் ஒரு சொட்டு எனாமல் தின்னரை வையுங்கள்; அது தானாக ஊறிப் பரவி, காய்ந்ததும் தூளை ஓரளவு பிடித்துக்கொள்ளும். நாசிலின் வாய் விளிம்பில் போட்ட தூளுக்கு அதுகூட வேண்டாம், மாடலை நடுவுடலில் பிடித்துத் தூக்கினால் போதும்.